பட்டன் ஓடக் கூடாது

"மொதல்ல இதை எழுதிக்க அம்மிணி. பட்டன் ஓடக் கூடாது."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். எழுதினாள் என்றால் பேனாவும் காகிதமும் இல்லை. மேசைக் கண்ணாடியில் விரலால் தட்டினாள். தட்டின எழுத்து ஒவ்வொன்றும் கீழேயிருந்து துள்ளி வந்து வரிசையில் நின்றது.

"அதுவும் துள்ளக் கூடாது. எழுத்துன்னா எழுதின எடத்துல கெடக்கோணும்."

"அது எங்க ஆபீஸ் சாஃப்ட்வேர் ஐயா. அதைப் பத்திக் கருத்துச் சொல்ல நீங்க வரலை."

"நான் கருத்துச் சொல்லவே வரலை. சொன்னாத்தான் மறுபடி அழுத்த விடுவோம்னு நீங்கதான் கூட்டியாந்து உக்கார வெச்சிருக்கீங்க."

அவள் பெயர் நிலோஃபர். முப்பது வயது இருக்கும். 'இணக்கம்' என்கிற அந்தச் சைட்டை வரைந்து, ஆட வைத்து, பறக்க வைத்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஈரோட்டில் இணக்க மன்றத்தின் மூன்றாவது மாடியில், குளிர் ஊதுகிற ஓர் அறையில் என் எதிரே உட்கார்ந்திருந்தாள். மணி பன்னிரண்டே கால். எனக்கு ஐந்து மணி வரைதான் நேரம்.

விஷயம் இதுதான். ஜெயிலில் இருக்கிறவனை முன்கூட்டியே விடுவதற்கு முன்னால், அவனால் யார் செத்தார்களோ அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. ஆள் அனுப்பிக் கேட்க மாட்டார்கள். சைட்டில் கேட்பார்கள். 'ஒப்புதல்' என்று ஒரு பட்டன், 'மறுப்பு' என்று ஒரு பட்டன். அழுத்தினால் மூன்று நாள் காத்திருப்பார்கள். அதற்குப் பிறகு மாற்ற முடியாது. மறுப்பை அழுத்தினால் மறுபடி கேட்கவும் மாட்டார்கள்.

என் மகன் தரணி செத்து ஆறு வருடம் ஆகிறது. அவனைக் கொன்றவன் லோகு. லோகுவுக்குப் பத்து வருடம் போட்டார்கள். மிச்சம் நான்கு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான் மறுப்பை அழுத்தப் போனேன். என் விரல் இறங்குகிற நேரத்தில் மறுப்பு நகர்ந்துகொண்டது. அந்த இடத்துக்கு ஒப்புதல் வந்தது. அழுத்தியாகிவிட்டது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு அது உறுதியாகிவிடும். திங்கட்கிழமை லோகு வெளியே.

எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் இருக்கிறவனிடம் கேட்டேன். "ரத்து பண்ண வழியில்லீங்க. டிசைன்ல தப்பு இருந்து, அதனாலதான் மாத்தி அழுத்திட்டீங்கன்னு நிரூபிச்சா மட்டும் மறுக்கா விடுவாங்க. ஈரோடு போயி கருத்துச் சொல்லுங்க. திட்டாதீங்க. ஆக்கபூர்வமாச் சொல்லோணும்," என்றான். அதனால்தான் டிரைவர் இல்லாத பஸ்ஸில் ஏறி, அது என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னதற்குச் சிரிக்காமல், வந்து சேர்ந்தேன்.

"பட்டன் ஓடுறதைத் தவிர வேற என்ன கஷ்டம் இருந்துச்சு?" என்றாள் நிலோஃபர்.

"எதைச் சொல்லட்டும்? தெறந்ததும் ஒரு புறா பறக்குது. எதுக்குப் புறா? என்ற பையன் செத்த விசயத்துக்கும் புறாவுக்கும் என்ன சம்பந்தம்? அது பறந்து அந்தக் கோடிக்குப் போற வரைக்கும் ஒண்ணையும் தொட முடியறதில்லை."

"அது லோடிங் ஆகிற வரைக்கும்..."

"அப்பறம் இலை உழுவுது. அப்பறம் ஒரு பொம்மைப் பொண்ணு சீலை கட்டிட்டு வந்து தலையைச் சாய்ச்சு, உங்கள் வலி எங்களுக்குப் புரிகிறதுங்குது. எனக்கே இன்னும் புரியலை. அவளுக்கு எப்படிப் புரிஞ்சது?"

நிலோஃபர் சிரிப்பை அடக்கினாள். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"எழுத்து சாம்பல் நெறம், பின்னாடி வெள்ளை. எளவு, படிக்கறதுக்கா எழுதுனீங்க, மறைக்கறதுக்கா? அதுவும் ஒவ்வொரு எழுத்தா வருது. பாதி படிக்கறதுக்குள்ள பக்கம் தானா மேல போயிருது. நான் தள்ளலை. அதுவே போகுது. திரும்பப் போலாம்னா வழி இல்லை. என்ன அறிவு கெட்ட..."

மேசைக் கண்ணாடியின் மூலையில் மஞ்சளாக ஒரு வட்ட முகம் இருந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது வாய் கோணி, கண்ணில் நீர் விட்டது. நான் சொன்ன கடைசி வரி கண்ணாடியில் கரைந்து போயிற்று.

"ஐயா, கடுமையாப் பேசுனா அது பதிவு பண்ணாது. அதான் அது அழுவுது."

"அழட்டும். நான் அழுதப்ப அது வந்துச்சா?"

அவள் பொறுமையாக எதையோ தட்டினாள். "உங்களுக்காக நான் இப்படி எழுதறேன். 'உரையின் நிற வேறுபாடு போதுமானதாக இல்லை. இயக்க வேகம் மூத்த பயனர்களுக்கு ஏற்றதாக இல்லை. பொத்தானின் இடமாற்றம் பயனரைக் குழப்புகிறது.' சரிங்களா?"

"நான் அதையா சொன்னேன்? ஓடுதுன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் ஐயா."

"ஒண்ணு இல்லை. குழப்புதுன்னா நான் குழம்பிட்டேன்னு ஆயிரும். நான் குழம்பலை. அது ஓடுச்சு."

நிலோஃபர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அழித்தாள். 'பட்டன் ஓடுகிறது' என்று எழுதினாள். மஞ்சள் முகம் அழாமலும் சிரிக்காமலும் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைத் திறந்தேன். எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரி பாவாயி முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் சரியில்லை, அதனால் நான் படித்துக் காட்டினேன். கடைசியில், "என்ன போடட்டும்?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். ஆறு வருடமாக லோகுவின் அம்மா எதிரே வந்தால் தெருவைத் தாண்டி நடக்கிறவள் அவள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அழுத்தினேன். உடனே போன் முழுக்க ரோஜா இதழ் கொட்டிற்று. வீணையோ என்னவோ ஒன்று வாசித்தது. அந்தச் சீலை கட்டின பொம்மை தெருவுக்கே கேட்கிற மாதிரி, "உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. நீங்கள் மன்னித்துவிட்டீர்கள்," என்றது.

பாவாயி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், பேசுவதில்லை. "நான் மறுப்பைத்தான் அழுத்தினேன், அந்தப் பாழாப்போன பட்டன் ஓடிருச்சு," என்று இருபது தடவை சொல்லியிருப்பேன். சுவருக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

"இன்னைக்குப் போயி மாத்திட்டு வந்து உன்ற கையில தர்றேன், பாரு," என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

நிலோஃபர் டீ வரவழைத்தாள். காகித டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றாள்.

"சொல்லு. கோவம் வந்தா வரட்டும்."

"அந்தப் பட்டன் எல்லாருக்கும் ஓடாது. நூறு பேருல எண்பது பேரு அது நகர்றதையே பாத்திருக்க மாட்டாங்க. தயங்கறவங்களுக்கு மட்டும்தான் நகரும்."

"தயங்கறவங்களுக்கா?"

"விரல் திரைக்கு மேல எவ்வளவு நேரம் நிக்குது, எப்படி நடுங்குது, கண்ணு எங்க போகுது, எல்லாத்தையும் அது பாக்கும். மறுப்புக்கு மேல ரொம்ப நேரம் நின்னா, இவரு மனசுல மன்னிப்பு இருக்குது, கோவத்துலயோ வீட்டுக்குப் பயந்தோ மறுப்பை அழுத்தப் போறாருன்னு புரிஞ்சுக்கும். அப்பத்தான் இடம் மாத்தும்."

"இதை யாரு யோசனை பண்ணுனது?"

"நான்தான்."

டம்ளரைக் கீழே வைத்தேன். மஞ்சள் முகத்தை நினைத்து வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"ஏன்னு கேளுங்க ஐயா," என்றாள் அவள். "மொத வருசம் பட்டன் ஓடலை. ஒரு அம்மா வந்தாங்க. கூடப் பொறந்த தம்பி செஞ்ச தப்புல புருசனை இழந்தவங்க. கோவத்துல மறுப்பை அழுத்திட்டாங்க. மூணு மாசத்துல அந்தத் தம்பி உள்ளயே செத்துட்டாரு. அதுக்கப்பறம் அந்த அம்மா வாரா வாரம் இங்க வருவாங்க. இதே நாற்காலி. அழுத்தின பட்டனைத் திருப்பி அழுத்தோணும், விடுங்கம்பாங்க. ஆளே இல்லைம்மா, எதுக்குன்னு கேட்டா, 'எனக்காக விடுங்க'ம்பாங்க. ஒன்றரை வருசம் வந்தாங்க. அதைப் பாத்துட்டுத்தான் இதைச் செஞ்சேன். இப்ப அந்த மாதிரி யாரும் வர்றதில்லை. நெறையப் பேரு நன்றி எழுதறாங்க. 'எனக்கே தெரியாத என் மனசு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு'ன்னு."

அவள் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு திருடன் கிடைப்பான் என்று வந்தால், அழுகிற ஒருத்தியைப் பார்த்து இரக்கப்பட்ட பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மிணி, நீ என்ற மனசையா கேட்டே? ரெண்டு பட்டன் வெச்சே. ஒண்ணை அழுத்துன்னே. அழுத்துனேன். மனசைக் கேக்கறதுன்னா பட்டன் எதுக்கு? நேரா உள்ள பூந்து எடுத்துக்க வேண்டியதுதானே?"

"ஆனா தயங்குனது நீங்கதானே ஐயா?"

"தயங்கலை. அது தயக்கமே இல்லை. நீ ரிக்கு வண்டி பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை என்றாள். இப்போது வருகிற ரிக்கில் பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் தானாக ஓடுகிறது. எங்கள் காலத்து ரிக்கைச் சொன்னேன். முப்பத்தொரு வருடம் போர்வெல் ரிக்கில் லீவர் பிடித்தவன் நான். கம்ப்ரசர் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. இருபது அடிக்கு ஒரு கம்பி இறங்கும். ஒரு கம்பி முடிந்ததும் அடுத்ததைக் கீழே நிற்கிறவன் பிடித்துப் பொருத்த வேண்டும். பொருத்திவிட்டுக் கையை எடுத்துத் தலைக்கு மேலே தூக்குவான். அதற்குப் பிறகுதான் லீவரை இழுக்க வேண்டும். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம். லீவரில் கை வைத்ததும் இழுக்க மாட்டோம். மூன்று எண்ணுவோம். எண்ணி முடித்து, கீழே இருக்கிறவன் கை மேலே இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் இழுப்போம்.

"முப்பத்தொரு வருசம் அப்படி இழுத்த கை இது. வீட்டுல ஃபேன் சுச்சைப் போடறதுன்னாலும் கை வெச்சு மூணு எண்ணித்தான் போடும். பாவாயி கிண்டல் பண்ணுவா. உன்ற மிசினு அதைப் பாத்துட்டு, கெழவன் உருகிட்டான்னு நெனச்சுக்கிச்சு."

நிலோஃபர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த லோகு...?"

"எண்ணலை. தரணி கம்பியைப் பிடிச்சிட்டிருந்தான். லோகு எண்ணாம இழுத்துட்டான். கம்பி சுத்துச்சு. சட்டை மாட்டிக்கிச்சு." டீயைக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது. "ரத்தத்துல தூக்க முழிப்பு மாத்திரை இருந்துச்சு. அதைப் போட்டுட்டு மிசினு ஓட்டுனா பத்து வருசம்னு அப்பத்தான் சட்டம் வந்திருந்துச்சு. ரெண்டு நாள் தூங்கலையாம், கோர்ட்டுல சொன்னாங்க. என்னை யாரும் ஒண்ணும் கேக்கலை."

"ரெண்டு பேரும் சிநேகிதமா?"

"எங்க ஊட்டுலதான் பாதி நாள் சோறு திம்பான்."

நிலோஃபர் கண்ணாடியில் எதையெதையோ திறந்தாள். "ஐயா, நீங்க சொல்றது உண்மைன்னா அதை நிரூபிக்கலாம். நீங்க அன்னைக்கு அந்தச் சைட்டுல மொத்தம் பன்னெண்டு எடத்துல அழுத்தியிருக்கீங்க. பேரு, ஊரு, மொழி, சம்மதம், எல்லாம் சேத்து. ஒவ்வொண்ணுலயும் விரல் எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு பதிவு இருக்குது. எல்லாத்துலயும் மூணு விநாடி நின்னிருந்தா, அது உங்க பழக்கம். மிசினுதான் தப்பாப் புரிஞ்சுக்கிச்சுன்னு ஆயிரும்."

"பாரு. இப்பவே பாரு. ஒண்ணு விடாமப் பாரு."

பார்த்தாள். சத்தமாகப் படித்தாள். மொழி, மூன்று. பெயர், மூன்று. ஊர், மூன்றே கால். செத்தவருக்கு என்ன உறவு, மூன்று. படிக்கப் படிக்க அவள் குரல் மாறியது. எட்டாவதுக்கு வந்தபோது நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அல்லாவே. எல்லாமே மூணு. ஐயா, இது எங்க தப்புத்தான். இப்படி ஒரு பழக்கம் இருக்கும்னு நாங்க யோசிக்கவே இல்லை. எத்தனை பேருக்கு இப்படி..."

"நான் சொன்னேனா இல்லையா?" எனக்கு ஆறு வருடத்தில் முதல் தடவையாக எங்கேயோ ஜெயித்த மாதிரி இருந்தது. "இதை எழுது. தடிச்ச எழுத்துல எழுது."

ஒன்பது, பத்து, பதினொன்று. மூன்று, மூன்று, மூன்று. பன்னிரண்டாவதுக்கு வந்தாள். படிக்கவில்லை.

"என்ன?"

அவள் கண்ணாடியை லேசாகத் தன் பக்கம் சாய்த்தாள்.

"அம்மிணி, படி."

"இது போதும் ஐயா. பதினோரு எடம் போதும். இதை வெச்சே நான் அனுப்பிடறேன். மறுபடி அழுத்த விட்டுருவாங்க."

"கடைசிது எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு," என்றாள்.



நாற்பத்தொரு விநாடி. ஒரு கம்பியையே மாட்டி முடித்துவிடலாம். எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. திறந்தேன், எண்ணினேன், அழுத்தினேன் என்றுதான் மூன்று நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"பொய்," என்றேன். மஞ்சள் முகம் வாடிற்று.

"பதிவு ஐயா. பொய் சொல்லாது."

"அப்ப அந்தப் பக்கத்தைத் தெற. அன்னைக்கு எனக்குக் காட்டுனது அப்படியே வரோணும்."

அவள் வேண்டாம் என்கிற மாதிரி பார்த்தாள். பிறகு திறந்து கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள். புறா போயிற்று. இலை விழுந்தது. கடைசிப் பக்கம் வந்தது. மேலே லோகுவின் முகம், கீழே இரண்டு பட்டன். முகம் ஜெயிலில் எடுத்த போட்டோதான். ஆனால் இவர்கள் அதைக் கண் சிமிட்ட வைத்திருக்கிறார்கள். போட்டோ எங்கேயாவது கண் சிமிட்டுமா? மெதுவாக இமை இறங்குகிறது, பாதியில் நிற்கிறது, மெதுவாக ஏறுகிறது. மறுபடி இறங்குகிறது.

அப்போதுதான் எனக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை நான் விரலை வைத்துக்கொண்டு எதைப் பார்த்தேன் என்று.

"அந்தக் கண்ணை ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"சும்மா, உயிரோட இருக்கிற மாதிரி தெரியட்டும்னு. எல்லாருக்கும் அதே அனிமேஷன்தான். ஏன் ஐயா?"

"தூக்கம் சொக்கற மாதிரி இருக்குது."

அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? கோர்ட்டில் யாரும் கேட்காததை நான் அவளுக்குச் சொன்னேன். ஏன் அவளிடம் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாற்பத்தொன்று என்று படித்த பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

முதுகு போன பிறகு நான் லீவரை விட்டுவிட்டு அதே ரிக்குக்கு ஏஜெண்டாக இருந்தேன். எந்த விவசாயி காட்டில் போர்வெல் போட வேண்டும் என்று பிடித்துக் கொடுப்பது என் வேலை. அன்றைக்கு மத்தியானம் லோகு போன் செய்தான். "மாமா, ரெண்டு நாளாத் தூங்கலை. கண்ணு சொக்குது. மாத்து ஆளும் வரலை. மிச்சக் கம்பியை நாளைக்கு எறக்கிக்கலாமா?" என்றான். அடுத்த காட்டுக்காரன் காத்துக்கொண்டிருந்தான். "இன்னும் நாலு கம்பிதானேடா. தரணிகிட்ட மாத்திரை இருக்கும், ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு முடிச்சிரு," என்றேன். சரிங்க மாமா என்றான்.

மாத்திரை யார் கொடுத்தது என்று கோர்ட்டில் கேட்டார்கள். நானே போட்டுக்கொண்டேன் என்றான். எனக்குப் போன் செய்ததை அவன் சொல்லவே இல்லை. ஆறு வருடமாகச் சொல்லவில்லை.

நிலோஃபர் எதையும் தட்டவில்லை. கண்ணாடியில் எழுத்து எதுவும் துள்ளவில்லை.

"உன்ற மிசினு அதை மன்னிப்புன்னு எழுதிக்கிச்சு," என்றேன். "நாப்பத்தொரு விநாடின்னு அதுக்குத் தெரியும். உள்ள என்ன கெடந்துச்சுன்னு அதுக்கு என்ன தெரியும்? மன்னிக்கறதுக்கு நான் யாரு?"

"நான் இப்ப என்ன பண்ணட்டும் ஐயா?"

"எல்லாத்தையும் அனுப்பு. பன்னெண்டாவதையும் சேத்து. பட்டனை நிறுத்திட்டு எனக்குக் குடு."

அவள் யாரிடமோ போனில் பேசினாள். வாதாடினாள். ஒரு தடவை, "சார், எண்ணிட்டு அழுத்தற ஒருத்தரை மனசு எளகினவருன்னு போட்டிருக்கோம், இது தப்பு இல்லைன்னா எதுதான் சார் தப்பு?" என்று கத்தினாள். மஞ்சள் முகம் அவளுக்கும் அழுதது. அதைக் கையால் பொத்தினாள். மூன்றே காலுக்கு அனுமதி வந்தது.

அழுத்துவதற்கு முன்னால் வீட்டுக்குப் போன் செய்தேன். பாவாயி எடுத்தாள். எடுத்தவள் பேசவில்லை.

"பாவாயி, மறுபடி அழுத்தச் சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு லோகு போன் பண்ணுனப்ப..."

"தெரியுமுங்க."

மூன்று நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

"என்ன தெரியும்?"

"நீங்க சாப்பிட்டுட்டேதானுங்க பேசுனீங்க. நான்தான் பக்கத்துல ரசம் ஊத்திட்டு நின்னேன். நாலு கம்பிதானேன்னு சொன்னீங்க. மாத்திரை போட்டுக்கன்னு சொன்னீங்க."

"ஆறு வருசமா ஏன் கேக்கலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். அவன் ஆத்தாகாரி எதுக்க வந்தா எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறதுன்னுதான் நான் தெருவைத் தாண்டிப் போறேன். நீங்க கோவம்னு நெனச்சுக்கிட்டீங்க."

"அப்ப இந்த மூணு நாளா? அவனை உட்டதுக்குத்தானே..."

"அவனை உட்டதுக்கு இல்லீங்க. உட்டுட்டு, பட்டன் ஓடிருச்சு பட்டன் ஓடிருச்சுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே, அதுக்கு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "எதையோ அழுத்திட்டு நேரத்துல வாங்க. பஸ்ஸு நின்னுரும்."

போனை வைத்துவிட்டாள்.

நிலோஃபர் கண்ணாடியை எனக்கு முன்னால் வைத்தாள். புறாவை எடுத்திருந்தாள். இலை இல்லை, பொம்மை இல்லை. வெள்ளையில் கறுப்பாக இரண்டு பட்டன், ஒரே அளவு. லோகுவின் முகம் அசையாமல் இருந்தது. கண் திறந்திருந்தது.

ஒப்புதல் மேல் விரலை வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. கீழே யார் கை இருக்கிறது என்று பார்த்தேன். பட்டன் ஓடவில்லை. அழுத்தினேன்.

பூ விழவில்லை. யாரும் நன்றி சொல்லவில்லை. 'காரணம் (விரும்பினால்)' என்று ஒரு கட்டம் மட்டும் வந்தது.

"அதுல எழுது அம்மிணி. மாத்திரை போட்டுட்டு முடிக்கச் சொன்னது நான். இப்படிக்கு, செத்த தரணியோட அப்பன் சென்னியப்பன்."

அவள் விரல் நின்றது. "ஐயா, இது மன்றத்துக்குப் போகும். கேஸ் உங்க பக்கம் திரும்பலாம். இதை எழுதாமலேயே லோகு வெளிய வந்துருவாரு. கட்டாயம் இல்லை."

"தெரியுது. எழுது."

எழுதினாள். அவளும் உடனே அனுப்பவில்லை. விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அனுப்பினாள்.

கிளம்பும்போது கண்ணாடியில் ஐந்து நட்சத்திரம் வந்து நின்று மினுங்கிற்று. சைட்டுக்கு எத்தனை கொடுக்கிறேன் என்று கேட்டது.

"ரெண்டு," என்றேன். "புறாவை எல்லாருக்கும் எடுத்துட்டாச் சொல்லு, இன்னொண்ணு போடறேன்."